மீண்டும் ஒரு பர்மா பயணம்: போகுமுன் யோசிக்க வேண்டியவை

துபாய், மலேசியா, சிங்கப்பூர் என்றால் நம் குடும்பங்களில் சின்னப் பிள்ளைக்கும் வழி தெரியும். பர்மா என்றால் அப்படியல்ல. ஒரு காலத்தில் நம் ஊர்களில் 'ரங்கூன்' என்ற பெயர் புழங்காத வீடு குறைவு. இன்று அந்த நாடு நமக்குப் பழைய கடிதங்களில் மட்டும் இருக்கிறது. மியான்மர் என்ற புதுப் பெயரில் செய்தி வந்தால், அது நம் பாட்டனார் கடை வைத்திருந்த நாடு என்பதே பல பிள்ளைகளுக்குத் தோன்றுவதில்லை.

திருச்சுழி வட்டம் எம்.ரெட்டியபட்டியில் இருக்கும் எங்கள் குடும்பம் 2019 ஜனவரியில் ஒருமுறை அங்கே போய் வந்தது. இப்போது மறுபடியும் போக வேண்டும் என்று அத்தா சொல்கிறார்கள். அவர்களுக்கு வயது 70ஐத் தாண்டிவிட்டது. இந்த இரண்டாவது பயணத்துக்காக நாங்கள் விசாரித்ததையும், முதல் பயணத்தில் செய்த தவறுகளையும் இங்கே எழுதுகிறோம். அருப்புக்கோட்டை, வீரசோழன், அபிராமம், கமுதி, இளையான்குடி என்று நம் பக்கத்து ஊர்களில் பர்மா உறவை விட்டுவந்த குடும்பங்கள் இன்னும் உண்டு. அவர்களுக்கு இது பயன்படலாம்.

எங்கள் கதையைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறோம். எங்கள் பக்கம் வானம் பார்த்த பூமி. பருத்தி, மிளகாய், கம்பு, குதிரைவாலி எல்லாமே மழையை நம்பித்தான். 1876 முதல் 1878 வரை நீடித்த தாது வருஷப் பஞ்சத்துக்குப் பிறகு, கண்மாய் வற்றினால் கப்பல் ஏறுவது என்பது இங்கே வழக்கமாகிவிட்டது. அப்படிப் போன எங்கள் பாட்டனார் ரங்கூன் மொகல் தெருப் பக்கம் சிறு கடை வைத்தார்கள். அங்கேயே ஒரு ஜெர்பாதிப் பெண்ணை நிக்காஹ் செய்தார்கள். இந்திய முஸ்லிம் தகப்பனாருக்கும் பர்மியத் தாயாருக்கும் பிறந்த வழியினரை அக்காலத்தில் அப்படித்தான் அழைத்தார்கள். ஊரிலும் ஒரு மனைவி இருந்தார்கள். அந்தக் காலத்தில் இது ஒளிவுமறைவான சங்கதி இல்லை.

1962 மார்ச் 2 அன்று ஜெனரல் நீ வின் ஆட்சியைப் பிடித்தார். 1964 மார்ச்சில் ரங்கூன் கடைகளை அரசு எடுத்துக்கொண்டது. மே மாதம் 50, 100 கியாட் நோட்டுகள் செல்லாது என்று அறிவித்தது. கடையும் போய், கையிலிருந்த பணமும் போனது. அந்தச் சில ஆண்டுகளில் சுமார் 3 லட்சம் இந்தியர் வெளியேறினார்கள். பாட்டனாரும் கப்பல் ஏறினார்கள், 11 வயது மகனை மட்டும் கூட்டிக்கொண்டு. அந்த மகன்தான் எங்கள் அத்தா. மனைவியையும் 3 வயது மகளையும் 'ஒரு வருஷத்தில் வந்து கூட்டிப் போகிறேன்' என்று சொல்லி விட்டுவந்தார்கள். போகவே முடியவில்லை. பள்ளிவாசல் முன்ஷி எழுதிக் கொடுத்த கடிதங்கள் சில ஆண்டுகள் வந்தன. பிறகு அதுவும் நின்றது.

2019இல் நாங்கள் கையில் எடுத்துக்கொண்டு போனது அந்தக் கடிதங்களில் ஒன்றைத்தான். அனுப்புநர் முகவரியில் 'மொகல் தெரு' என்று இருந்தது. யாங்கோனில் இறங்கிக் கைப்பேசி வரைபடத்தில் தேடினால் அப்படி ஒரு தெருவே இல்லை. டாக்ஸிக்காரருக்கும் தெரியவில்லை. ஒரு தேநீர்க் கடையில் வயதான ஒருவர்தான் சிரித்துக்கொண்டே, 'இப்ப அது ஷ்வே பொந்தா தெரு' என்று தமிழில் சொன்னார்.

ஆகவே முதல் வேலை, பழைய பெயருக்குப் புதுப் பெயர் கண்டுபிடிப்பது. டல்ஹௌசி தெரு இப்போது மகா பந்தூலா சாலை. பிரேசர் தெரு அனோரதா சாலை. மான்ட்கோமரி தெரு போஜோ ஆங் சான் சாலை. பேயர் தெரு பன்சோடான். ஸ்பார்க்ஸ் தெரு போ ஆங் ஜோ தெரு. ஸ்காட் மார்க்கெட் என்று பெரியவர்கள் சொல்வது போஜோ சந்தை. வெளியூர் என்றால் மோல்மேன் மௌலமியைன் ஆகியிருக்கிறது. பெகு பகோ, பசேன் பதெய்ன், புரோம் பியே, அக்யாப் சித்வே. நாட்டுக்கும் தலைநகருக்கும் பெயர் மாற்றியது 1989இல். கடிதத்தில் உள்ள பெயரை அப்படியே வைத்துக்கொண்டு கிளம்பினால் நாள்கள் வீணாகும்.

இரண்டாவது, வீட்டில் உள்ள காகிதங்கள். 'எஃப்.ஆர்.சி.' என்று பெரியவர்கள் சொல்லும் வெளிநாட்டவர் பதிவுப் புத்தகம், கப்பல் சீட்டு, நிக்காஹ் பதிவு, பழைய படம், எது இருந்தாலும் நகல் எடுத்துக்கொள்ளுங்கள். மூலத்தை வீட்டிலேயே விட்டுவிடுங்கள். எங்களுக்கு வழி திறந்தது ஒரு படத்தால்தான். நகர மையத்தில் உள்ள சூலியா பள்ளியில் அதைக் காட்டினோம். சூலியா என்பது நம் தமிழ் முஸ்லிம்களைக் குறிக்கும் பழைய பெயர். ஜமாஅத் பெரியவர்கள் இரண்டு நாளில் ஆளைக் கண்டுபிடித்துக் கொடுத்தார்கள். அல்ஹம்துலில்லாஹ், 55 வருஷம் கழித்து அத்தாவும் அவர்கள் தங்கையும் சந்தித்துக்கொண்டார்கள். எங்களுக்கு மாமி. மிங்கலா தவுங்ஞுன்ட் பகுதியில் ஒரு மாடிக் குடியிருப்பில் பேரப் பிள்ளைகளோடு இருக்கிறார்கள். தமிழ் கொஞ்சம்தான். ஆனால் 'அத்தா' என்ற சொல் மட்டும் அப்படியே இருந்தது.

அத்தா முதலில் கேட்டது தாயாரின் கபரை. மாமி ஒன்றும் பேசவில்லை. தாயார் 1988இல் வஃபாத்தாகி, நகருக்குள் இருந்த பழைய மையவாடியில் அடக்கப்பட்டார்கள். 1990களில் நகருக்குள் இருந்த பழைய கல்லறைகளையும் மையவாடிகளையும் அரசு காலி செய்து, வடக்கே யேவே என்ற இடத்துக்குக் கொண்டுபோனது. எடுத்துப்போக ஆளில்லாத கபர்கள் பல அப்படியே மண்ணோடு போயின. மாமிக்கு அப்போது அதற்கு வசதி இல்லை. கபர் இருக்கும் என்று எண்ணிப் போகும் குடும்பங்கள் இதைத் தெரிந்துகொண்டு போவது நல்லது. அங்கே போய் உறவினரிடம் கேட்டு, அவர்களைக் குற்றவாளி போல நிறுத்திவிடாதீர்கள். நாங்கள் தெரியாமல் அதைச் செய்துவிட்டோம்.

ஜியாரத் செய்ய ஒரே ஒரு இடம் எல்லாருக்கும் உண்டு. கடைசி முகலாய மன்னர் பகதூர் ஷா ஜஃபர் 1862 நவம்பர் 7 அன்று ரங்கூனில்தான் மறைந்தார். ஆங்கிலேயர் அடையாளமே இல்லாமல் அடக்கிவிட்டார்கள். 1991இல் வாய்க்கால் தோண்டும்போதுதான் அசல் கபர் வெளிப்பட்டது. ஸிவாகா தெருவில் இன்று தர்கா இருக்கிறது. ஒரு மன்னருடைய கபரே நூறு வருஷத்துக்கு மேல் காணாமல் போயிருந்தது என்று அங்கே நின்றபோது அத்தா சொன்னார்கள். அதற்குப் பிறகு தாயாரின் கபரைப் பற்றி மாமியிடம் கேட்கவில்லை.

பிள்ளைகளுக்கு இன்னொரு பெயரையும் சொல்லிக் கொடுங்கள்: ஊ ரசாக். தமிழ் முஸ்லிம் தகப்பனாருக்கும் பர்மியத் தாயாருக்கும் 1898இல் மெய்த்திலாவில் பிறந்தவர். மாண்டலேயில் தலைமையாசிரியர். ஆங் சான் அமைச்சரவையில் கல்வியமைச்சராக இருந்து, 1947 ஜூலை 19 அன்று அவரோடு சுட்டுக் கொல்லப்பட்டார். அந்த நாடு இன்றும் ஜூலை 19ஐத் தியாகிகள் தினமாக நினைவுகூர்கிறது. அவர் பிறந்த அதே மெய்த்திலாவில் 2013 மார்ச்சில் முஸ்லிம்களுக்கு எதிராகப் பெரிய கலவரம் நடந்தது. இரண்டையும் சேர்த்துத்தான் அந்த நாட்டைப் புரிந்துகொள்ள முடியும். முஸ்லிம் உணவுக்கடைப் பலகைகளில் '786' என்று எழுதியிருப்பார்கள். ஹலால் உணவுக்கு அதுதான் அடையாளம். அதற்குப் போட்டியாக '969' என்ற எண்ணை ஒட்டி, முஸ்லிம் கடைகளைப் புறக்கணிக்கச் சொன்ன இயக்கம் அந்த ஆண்டுகளில் நடந்தது. ('டான்பவு' என்று சொல்லும் அவர்களுடைய தம் பிரியாணி நம் பிரியாணிக்குக் குறைந்ததல்ல. இதை மாமிக்காகச் சொல்லவில்லை.)

இனி நாங்கள் செய்த தவறுகள். மாமி வற்புறுத்தியதால் எங்களில் மூவர் ஓரிரவு அந்த வீட்டிலேயே தங்கினோம். மறுநாள் காலை வார்டு அலுவலகத்திலிருந்து ஆள் வந்து, மாமியின் மகனிடம் நெடுநேரம் விசாரித்தார். வெளிநாட்டவர் உரிமம் பெற்ற விடுதியில்தான் தங்க வேண்டும். வீட்டில் தங்கவைத்தால் பாதிப்பு விருந்தாளிக்கு அல்ல, வீட்டுக்காரருக்கு. நாங்கள் மன்னிப்புக் கேட்டுவிட்டு விடுதிக்குப் போனோம். அந்தத் தம்பி அதன்பின் சில மாதங்கள் பயந்துகொண்டே இருந்ததாகப் பிறகுதான் அறிந்தோம்.

அடுத்தது படம். ஊருக்குத் திரும்பிய உற்சாகத்தில் எல்லாருமாக எடுத்த படத்தை முகநூலில் போட்டோம், பெயர்களோடு. நமக்கு அது மகிழ்ச்சி. அங்கே இருக்கிறவர்களுக்கு, வெளிநாட்டு உறவு இருக்கிறது என்று ஊரறியச் சொன்னது போலாயிற்று. மாமி வீட்டிலிருந்து தயங்கித் தயங்கிக் கேட்ட பிறகுதான் எடுத்தோம்.

பணம் சின்ன விஷயம். ஆனாலும் சொல்கிறோம். டாலர் நோட்டு மடிப்பில்லாமல், கறையில்லாமல், புதிதாக இருக்க வேண்டும். மடித்து இடுப்பில் செருகிக்கொண்டு போன நோட்டுகளை மாற்றிக்கொடுக்க மாட்டோம் என்று திருப்பிவிட்டார்கள். விசா விண்ணப்பத்தில் பிறந்த இடம் பாஸ்போர்ட்டில் எப்படி அச்சாகியிருக்கிறதோ அப்படியே இருக்க வேண்டும். 'ரங்கூன்' என்று இருந்தால் 'யாங்கோன்' என்று நாமாகத் திருத்தக் கூடாது.

இதெல்லாம் 2019 நிலவரம். 2021 பிப்ரவரி 1 அன்று இராணுவம் மீண்டும் ஆட்சியைப் பிடித்த பிறகு நிலைமை முற்றிலும் மாறிவிட்டது. நாட்டின் பல பகுதிகளில் உள்நாட்டுப் போர் நடக்கிறது. ராக்கைன் மாநிலத்துக்குப் போக வேண்டாம், அங்கிருப்போர் உடனே வெளியேறுங்கள் என்று நம் வெளியுறவு அமைச்சகம் 2024 பிப்ரவரியில் அறிவித்தது. அதே மாதம் அந்நாட்டு அரசு கட்டாய இராணுவச் சேவைச் சட்டத்தை நடைமுறைக்குக் கொண்டுவந்தது: ஆண்களில் 18 முதல் 35 வரை, பெண்களில் 18 முதல் 27 வரை. மாமியின் பேரன்களில் இருவர் அந்த வயதில் இருக்கிறார்கள். அவர்கள் எங்கே இருக்கிறார்கள் என்று நாங்கள் தொலைபேசியில் கேட்பதில்லை, மாமியும் சொல்வதில்லை.

பிறகு நிலநடுக்கம். 2025 மார்ச் 28, ரமலானின் கடைசி ஜும்ஆ. பிற்பகல் 12.50 மணி. 7.7 அளவு. சகாயிங், மாண்டலே பகுதிகளில் தொழுகைக்குக் கூடியிருந்தவர்கள் மீதே பள்ளிவாசல்கள் இடிந்து விழுந்தன. பழைய பள்ளிகளைப் புதுப்பிக்க அங்கே அனுமதி கிடைப்பது நெடுங்காலமாகவே கடினம். மாமி இருப்பது தெற்கே யாங்கோனில் என்பதால் அவர்கள் வீட்டுக்குச் சேதமில்லை. ஆனால் அன்றிரவு தொடர்பு கிடைக்கும் வரை அத்தா நோன்பு திறந்த பேரீச்சம்பழத்தோடு சரி, வேறு எதுவும் சாப்பிடவில்லை. மறுபடி போக வேண்டும் என்ற பேச்சு அன்றுதான் ஆரம்பித்தது.

தரை வழியைப் பற்றி நம் ஊர்ப் பிள்ளைகள் சிலர் கேட்கிறார்கள். இம்பாலிலிருந்து சுமார் 110 கிலோமீட்டரில் மோரே. அதைத் தாண்டினால் பர்மாவின் தமு. அந்த மோரேயில் தமிழர்கள் இருப்பதே ஒரு திரும்பிப்போகும் பயணத்தால்தான். 1960களில் தமிழ்நாட்டுக்கு அனுப்பப்பட்டு, இங்கே பிழைக்க வழியில்லாமல், பர்மாவுக்கே போய்விடலாம் என்று மணிப்பூர் வழியாக நடந்தவர்கள் அவர்கள். எல்லையில் பர்மிய இராணுவம் தடுத்துவிட்டது. முன்னேயும் போக முடியாமல் பின்னேயும் வர மனமில்லாமல் அங்கேயே தங்கி வியாபாரம் செய்து ஊராக்கினார்கள். தமிழ்ச் சங்கம்கூட வைத்தார்கள். 2023 மே மாதம் மணிப்பூரில் தொடங்கிய கலவரத்தில் மோரேயும் எரிந்தது. எல்லைக்கு அப்பாலும் சண்டை. ஆக அந்த வழியை இப்போது நினைக்கவே வேண்டாம்.

தாய்லாந்து வழியாக மே சோட் எல்லை தாண்டி மியாவடி போகும் வழியும் அப்படித்தான். 'தாய்லாந்தில் கம்ப்யூட்டர் வேலை' என்று சொல்லிக் கூட்டிப்போய், மியாவடி முகாம்களில் அடைத்து, இணைய மோசடி செய்யவைத்ததில் நம் தமிழ்நாட்டுப் பிள்ளைகளும் சிக்கினார்கள். 2025 மார்ச்சில் மட்டும் 500க்கும் மேற்பட்ட இந்தியர்களை விமானப்படை விமானத்தில் மீட்டு வந்தார்கள். உறவைப் பார்க்கும் பயணத்தோடு வேலையையும் பார்த்துக்கொள்ளலாம் என்று யாராவது ஆசை காட்டினால் அந்த ஆளை வீட்டு வாசலிலேயே நிறுத்திவிடுங்கள்.

சொத்து ஆசையையும் ஓரமாக வைக்க வேண்டும். 'பாட்டனார் கடைப் பத்திரம் இருக்கிறது, மீட்டுத் தருகிறோம்' என்று முன்பணம் கேட்கும் தரகர்கள் உண்டு. 1960களில் அரசுடைமையான சொத்து அது. 1987 சட்டப்படி வெளிநாட்டவர் அங்கே நிலம் வாங்கவோ உரிமை மாற்றிக்கொள்ளவோ முடியாது. அதைவிட, நம் ஊரில் பாட்டனார் விட்டுப்போன காட்டில் மாமிக்கும் மார்க்கப்படி பங்கு உண்டு என்பதை நாங்கள் 2019 வரை நினைத்தே பார்க்கவில்லை. அங்கே நமக்கு என்ன வரும் என்று கேட்கிற வீடுகளில் இந்தக் கணக்கும் போடப்பட வேண்டும். எங்கள் வீட்டில் அது பேசி முடிந்துவிட்டது. தொகையை மாமி கையில் சேர்ப்பதுதான் பாக்கி. உண்டியல் வழியாக அனுப்புவது இரண்டு நாட்டிலும் குற்றம். அந்த வழியை நாங்கள் தொடவில்லை.

சரி, போகலாமா? யாங்கோன் நகரத்துக்கு மட்டும், விமானத்தில், விடுதியில் தங்கி வரும் பயணம் இன்றும் நடக்காமல் இல்லை. சுற்றுலா மின்விசா 28 நாள் தங்க அனுமதிப்பது. ஆனால் மூன்று கேள்விகளுக்கு எங்களால் பதில் சொல்ல முடியவில்லை. வயதான அத்தாவுக்கு உடம்புக்கு முடியாமல் போனால் என்ன செய்வது? போர், கலவரம் நடக்கும் இடத்தைப் பொதுவாகப் பயணக் காப்பீடு ஏற்பதில்லை. நாங்கள் வந்து போன பிறகு மாமி வீட்டுக் கதவை யார் தட்டுவார்கள்? அந்தப் பேரன்களைப் பற்றி யாராவது எங்களிடம் கேட்டால்? முதல் பயணத்தில் நாங்கள் யோசித்தது எங்கள் வசதியை மட்டும். அங்கிருப்பவர்களால் எவ்வளவு தாங்க முடியும் என்பதை வைத்துத்தான் இந்தத் தடவை திட்டம் போட்டோம். மாமியிடமே கேட்டோம். 'நீங்க வர வேணாம், நான் வாறேன்' என்றார்கள்.

ஆகவே சந்திக்கும் இடம் பாங்காக். விமானத்தில் வரும் மியான்மர் குடிமக்களுக்குத் தாய்லாந்தில் 14 நாள் விசா விலக்கு இருக்கிறது. இந்தியருக்கும் 2023 நவம்பர் முதல் விலக்கு. இந்த விதிகள் மாறக்கூடியவை. டிக்கெட் போடும் வாரத்தில் தூதரகத் தளத்தில் ஒருமுறை பார்த்துவிடுங்கள். 2025 மே 1 முதல் தாய்லாந்துக்குள் நுழைவோர் இணையத்தில் வருகை அட்டை நிரப்ப வேண்டும். சென்னையிலிருந்து நேர் விமானம் உண்டு. சீலோம் பகுதியில் தமிழ் முஸ்லிம்கள் உருவாக்கிய மீராசுத்தீன் பள்ளி இருக்கிறது; அதன் பக்கத்தில் விடுதி பார்த்தால் சாப்பாட்டுக்கும் தொழுகைக்கும் அலைய வேண்டாம்.

இதில் கடினமான பகுதி எங்களுடையது அல்ல. மாமி இதுவரை பாஸ்போர்ட்டே எடுத்ததில்லை. 1982 குடியுரிமைச் சட்டத்துக்குப் பிறகு முஸ்லிம்களின் அடையாள அட்டையில் இனம் என்ற இடத்தில் 'இந்தியா, பர்மா' என்று கலந்து எழுதியிருப்பார்கள். ஒவ்வொரு அலுவலகத்திலும் அதைப் பார்த்துவிட்டு ஒரு கேள்வி கூடுதலாகக் கேட்பார்கள். அங்கே இரண்டு பெயர் வைத்துக்கொள்வது முஸ்லிம்களின் வழக்கம், பர்மியப் பெயர் ஒன்று, மார்க்கப் பெயர் ஒன்று. அட்டையில் உள்ள பர்மியப் பெயரில்தான் டிக்கெட் போட வேண்டும் என்பதை மாமியின் மகளிடம் மூன்று முறை கேட்டு எழுதிவைத்திருக்கிறோம்.

அத்தா இப்போதே ஒரு பையைத் தயார் செய்துவிட்டார்கள். உள்ளே இரண்டு கிலோ முண்டு வற்றல், பாட்டனாரின் பெரிய படம் ஒன்று, தாயார் சொல்லி முன்ஷி எழுதிய கடிதங்களின் நகல். மூலக் கடிதங்களையும் கொண்டுபோய் மாமியிடமே கொடுத்துவிடலாமா என்று வீட்டில் இன்னும் பேச்சு நடக்கிறது. மாமியின் பாஸ்போர்ட் கைக்கு வந்ததும் டிக்கெட் போடுவோம், இன்ஷா அல்லாஹ்.